மாட்டை ஓட்டும் நாய்க்கு முதலில் நிற்கத் தெரிய வேண்டும்

மாடு ஓட்ட நாய் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், நாய் குரைக்கும், மாடு ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாட்டை ஓடவிடுவதற்கு நாய் எதற்கு, ஒரு தகர டப்பாவைத் தட்டினாலே போதும். நன்றாகப் பழகிய நாய் வேலை செய்வதைப் பார்த்தால், பாதி நேரம் அது சும்மா நிற்பதுபோலத் தெரியும். நாலு அடி எடுத்து வைக்கும், நிற்கும். மந்தை தலையைத் திருப்பி நடக்கத் தொடங்கும். மந்தை நின்றால் இன்னும் இரண்டு அடி. துரத்துகிற ஆசை அந்த நாய்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதை எப்போது அடக்க வேண்டும் என்பதைத்தான் நாம் சொல்லித்தருகிறோம். என் பயிற்சியில் முக்கால்வாசி அதற்கே போகும்.

என்னிடம் இரண்டு நாய்கள். சுட்டி என்பவள் பார்டர் கோலி இனம். கட்டையன், பெயருக்கு ஏற்றபடி குட்டைக் காலும் அகன்ற மார்புமாக இருக்கும் ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் (மாட்டு நாய்) இனம். இரண்டும் ஒரே வேலையை வேறு வேறு விதமாகச் செய்யும். சுட்டி தலையைத் தாழ்த்தி, மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போவாள். சத்தமே வராது. கட்டையன் பின்னால் போய்க் குதிகாலைக் கடித்துவிட்டு, கடித்த நொடியிலேயே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வான். மாடு உதைக்கிற கால் அவன் தலைக்கு மேலே காற்றில் போகும். இதை நான் சொல்லித்தரவில்லை. அந்த இனத்தையே அதற்காக உருவாக்கியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் தாமஸ் ஹால் என்ற பண்ணைக்காரர், பிரிட்டனிலிருந்து வந்த மந்தை நாய்களை அங்குள்ள டிங்கோ காட்டுநாயோடு கலந்து வளர்த்தார். அந்த வழியில் வந்தவைதான் இவை. பார்டர் கோலியின் கதை வேறு. 1893இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்த, ஆடம் டெல்ஃபர் வளர்த்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாய், சத்தம் போடாமல் பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சாவளி அந்த ஒரு நாயில்தான் போய் முடிகிறது.

ஆட்டுக்காக வளர்ந்த வம்சம் என்பதைக் குட்டி வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டும். ஆட்டை அருமையாக ஓட்டுகிற நாய், ஒரு பசு திரும்பி நின்று முறைத்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடலாம். என்னைக் கேட்டால் இனத்தைவிடத் தாய் தகப்பனைப் பார்ப்பது முக்கியம். இரண்டும் மாட்டோடு வேலை செய்வதை நேரில் பாருங்கள். மாடு எதிர்த்தால் என்ன செய்கின்றன, கூப்பிட்டவுடன் விட்டுவிட்டு வருகின்றனவா என்று கவனியுங்கள். கண்காட்சிப் பரிசுகள், முடியின் பளபளப்பு இதெல்லாம் பட்டிக்குள் எதற்கும் உதவாது. இடுப்பு மூட்டுக் கோளாறு, பிறவிக் கண் நோய் இரண்டும் இந்த இனங்களில் பரம்பரையாக வரக்கூடியவை. தாய் தகப்பனுக்குச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ஒரே ஈற்றில் இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுத்து வளர்க்காதீர்கள். அவை ஒன்றையொன்று கவனித்துக்கொண்டு உங்களை மறந்துவிடும்.

எட்டு வாரத்தில் குட்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை, அதை மாட்டிடம் காட்டிப் பார்ப்பது. காட்டலாம், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, உங்கள் காலடியில் கட்டிவைத்து. அதற்குமேல் வேண்டாம். அந்த வயதில் ஓர் உதை வாங்கினால் எலும்பு போகலாம். எலும்பு தப்பித்தாலும் மனம் விட்டுப்போகும். உதை வாங்காவிட்டாலும் ஆபத்துதான். கன்றுகள் பயந்து ஓடுவதைப் பார்த்த குட்டிக்கு அது விளையாட்டாகிவிடும், அப்புறம் யாரும் இல்லாத நேரத்தில் தானாகவே போய்த் துரத்தும். அதனால் நான் உடன் இல்லாத நேரத்தில் குட்டி கூண்டில் இருக்கும், இல்லை சங்கிலியில் இருக்கும். இதில் இரக்கமே பார்ப்பதில்லை.

முதல் பத்து மாதத்தில் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். பெயரைச் சொன்னால் திரும்ப வேண்டும். கூப்பிட்டால் வர வேண்டும். ‘படு’ என்றால் எங்கே இருக்கிறதோ அங்கேயே படுக்க வேண்டும். கட்டிப்போட்டால் கத்தாமல் இருக்க வேண்டும். ‘படு’ மட்டும் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் பழக்குங்கள்: சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், கேட்டைத் திறக்கும்போது, பந்து உருண்டு போய்க்கொண்டிருக்கும்போது, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது. காலடியில் படுக்கிற நாய்கள் நிறைய உண்டு. ஐம்பது அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும்போது படுப்பதுதான் பின்னால் உயிரைக் காப்பாற்றும்.

பயிற்சியின் அடிப்படை நாயிடம் இல்லை, மாட்டிடம் இருக்கிறது. மாட்டுக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க முடியும். நேர் பின்னால் மட்டும் ஒரு துண்டு தெரியாது. அங்கிருந்து திடீரென்று ஏதாவது வந்தால் மிரளும், உதைக்கும். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம் உண்டு. அதற்கு வெளியே நாய் நின்றால் மாடு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். விளிம்பைத் தொட்டால் நகரும். உள்ளே வெகுதூரம் புகுந்தால் ஓடும், இல்லையென்றால் திரும்பி முட்டும். அடுத்தது தோள். தோளுக்குப் பின்னாலிருந்து நெருங்கினால் மாடு முன்னால் போகும், தோளுக்கு முன்னாலிருந்து நெருங்கினால் நிற்கும் அல்லது திரும்பும். கால்நடை நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் இவற்றைப் படம் போட்டு விளக்கி உலகம் முழுக்கப் பரப்பியிருக்கிறார். நாய் இல்லாமல், நீங்கள் மட்டும் கைவீசி நடந்து நாலு கிடாரிகளை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஓடாமல் கொண்டுபோக முடியுமா என்று முதலில் பாருங்கள். அது முடியாதவர் நாயிடம் எதைச் சொல்லித்தர முடியும்?

சுட்டியை முதலில் மாட்டோடு விட்டது அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது. மாட்டைவிட வேகமாக ஓடவும், உதைக்கு விலகவும், திட்டினால் தாங்கவும் அந்த வயது வேண்டும். இடம் சின்ன அடைப்பாக, மூலைகள் இல்லாமல் வட்டமாக இருந்தால் நல்லது. மாடுகள் நாலைந்து போதும். பால் மறந்த, நாய்க்குப் பழகிய, சாதுவான இளங்கன்றுகளாக இருக்க வேண்டும். கன்று போட்ட பசு கூடாது. காளை கூடவே கூடாது. நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு நீளக் கயிறு, தரையில் இழுபடும்படி. பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, வேண்டும்போது மிதித்தால் போதும்.

மாடுகளுக்கு ஒரு பக்கம் நான் நின்றேன். அவள் ஓடிப்போய் நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றாள். நான் இடப்பக்கம் நாலு அடி நகர்ந்தேன், அவள் அந்தப் பக்கம் எனக்கு நேர் எதிரே வரும்வரை நகர்ந்தாள். நடுவில் மாடுகள். இந்த இனங்களின் ரத்தத்தில் இருப்பது இதுதான்: மந்தையை மடக்கித் தலைவனிடம் கொண்டுவருவது. அந்த நேர் எதிர்ப் புள்ளியில் நிற்கும்போது நாய்க்கு மாடுகள் தன் பிடியில் இருப்பதாகத் தோன்றும், பதற்றம் குறையும். ‘படு’ என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது பத்துத் தடவை கத்தினாலும் கேட்காத நாய், அந்தப் புள்ளியில் ஒரே சொல்லுக்குப் படுக்கும். படுத்ததும் தட்டிக்கொடுக்க ஓடாதீர்கள், தின்பண்டமும் வேண்டாம். உடனே மறுபடியும் வேலை கொடுங்கள். இந்த நாய்க்கு வேலையைவிடப் பெரிய பரிசு எதுவும் இல்லை. நின்றால் வேலை கிடைக்கும், நிற்காவிட்டால் வேலை நின்றுவிடும் என்று அதற்குப் புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

திசைச் சொற்களும் இங்கேதான் தொடங்கும். நாய் மந்தையைக் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றும்போது நான் ‘வலம்’ என்பேன், மறுபக்கம் சுற்றும்போது ‘எதிர்’. முதலில் கட்டளையாகச் சொல்வதில்லை. அது தானாகப் போகும்போது அந்தச் சொல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வந்தால் போதும், சில வாரங்களில் சொல்லும் திசையும் ஒட்டிக்கொள்ளும். ‘முன்னே’ என்றால் மாட்டை நோக்கி நேராக நடக்க வேண்டும். ‘போதும்’ என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னிடம் வர வேண்டும். சொற்கள் எதுவாக இருந்தாலும் சரி, ஒன்றுபோல ஒன்று ஒலிக்கக் கூடாது. வீட்டில் எல்லோரும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும். தூரத்துக்கு விசில் நல்லது, காற்றில் குரல் உடைந்துபோகும். தவிர, நமக்குக் கோபம் வந்திருப்பது விசிலில் தெரியாது. அது பெரிய சௌகரியம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுவேன். களைத்த நாய் வட்டத்தைச் சுருக்கி ஓடும், நடுவில் பாயும், அதையே பழகிக்கொள்ளும். வாலையும் பாருங்கள். வால் தொங்கி, பின்னங்கால்களோடு ஒட்டியிருந்தால் நாய் வேலையில் இருக்கிறது. வால் கொடிபோலத் தூக்கிக்கொண்டால் விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது, உடனே படுக்கவைத்து அமைதிப்படுத்த வேண்டும். மாடுகளுக்கு மிக நெருங்கி ஓடுகிற நாயை விரட்டி அடிக்கத் தேவையில்லை. நான் அதன் தோளைக் குறிவைத்து இரண்டு அடி முன்னேறி, கையிலுள்ள கம்பைத் தரையில் தட்டுவேன், அது வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும். மாட்டுக்கு நாய் செய்வதை நாய்க்கு நான் செய்கிறேன், அவ்வளவுதான். நகர்ந்த உடனே நானும் பின்வாங்கிவிட வேண்டும். அழுத்தம் கொடுக்கத் தெரிந்தவர்கள் அதிகம், சரியான நொடியில் எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

இந்த இடத்தில் சுட்டி எனக்குக் காட்டியது ஒன்று உண்டு. ஒரு கிடாரி கூட்டத்திலிருந்து பிரிந்து, தலையைத் தாழ்த்தி, மூக்கால் சீறியபடி அவளைப் பார்த்து நின்றது. முன்னங்காலால் மண்ணை வாரியது. சுட்டி நின்றுவிட்டாள். ஒரு கால் தூக்கியபடி, கண்ணை எடுக்காமல். எனக்கு ‘முன்னே’ என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லாமல் மெதுவாக நடந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். கிடாரி இரண்டு முறை தலையை ஆட்டியது, காது லேசாகத் திரும்பியது, பின்னங்கால் பக்கவாட்டில் அரையடி விலகியது. அந்த அரையடிக்குச் சுட்டி தானாகவே ஓர் அடி பின்வாங்கினாள். கிடாரி திரும்பிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. எதிர்க்கிற மாட்டை ஓடவைத்தே தீர வேண்டும் என்று இல்லை. முகத்தைத் திருப்பினாலே நாய் ஜெயித்துவிட்டது. அந்த நொடியில் இடம் கொடுத்தால், அடுத்த முறை மாடு முறைப்பதே குறையும். இளம் நாய் இப்படிச் சில சண்டைகளில் ஜெயித்தே ஆக வேண்டும், அதற்கு நாம் பக்கத்தில் நிற்க வேண்டும். தோற்று ஓடிவந்த நாயை மறுபடி தைரியப்படுத்துவது பெரிய பாடு.

கடிப்பது பற்றி ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. கடிக்கவே தெரியாத நாய் மாட்டுக்கு உதவாது என்பது என் கட்சி. மாட்டுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும். எங்கே, எவ்வளவு என்பதுதான் விஷயம். முன்னால் எதிர்க்கிற மாட்டுக்கு மூக்கில் ஒரு கவ்வு, நகர மறுக்கிற மாட்டுக்குக் குளம்புக்குச் சற்று மேலே ஒரு கடி, உடனே விட்டுவிட வேண்டும். விலாவில் பாய்வது, வாலைப் பிடித்துத் தொங்குவது, ஏற்கெனவே நடந்துபோகிற மாட்டைக் கடிப்பது, இவற்றை நான் ஒரு தடவைகூட விட்டுவைப்பதில்லை. கட்டையனுக்கு இந்த விஷயத்தில்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. அவனுக்குக் கடி என்பது கேள்வி இல்லை, பதில். அதனால் கடிக்கும் முன்பு என் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும் என்று பழக்கினேன். இப்போதும் முழுக்கக் காத்திருப்பான் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மாடுகளையும் பழக்க வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நாயையே பார்த்திராத மந்தைக்குள் நல்ல நாயை விட்டாலும் ரகளைதான், சில ஓடும், சில குத்த வரும். புது மாடு வந்தால், நாய்க்குப் பழகிய நாலு மாடுகளோடு சேர்த்து, வயதான நிதானமான நாயை வைத்து நகர்த்துவேன். கூட்டத்தோடு சேர்ந்து நடந்தால் நாய் சும்மா இருக்கிறது, பிரிந்து ஓடினால் வந்து நிற்கிறது என்று மாடு சில நாட்களிலேயே கற்றுக்கொள்ளும். இதைக் குட்டி நாயை வைத்துச் செய்யக் கூடாது. இரண்டு பக்கமும் கற்றுக்குட்டியாக இருந்தால் யாராவது ஒருவர் அடிபடுவார்கள்.

நாயைக் கூட்டிப்போகாத இடங்களும் உண்டு. கன்று போட்ட பசுவின் பக்கம் போவதில்லை. அதற்கு நாய் என்றால் ஓநாய்தான், சாதுவான பசுகூட நாயை நசுக்கப் பார்க்கும், நாய் நம் காலடிக்கு ஓடிவந்தால் அடி நமக்கு. கேட் மூடியிருக்கும்போது பின்னாலிருந்து அழுத்தவிடுவதில்லை. போக வழி இல்லாத மாடு திரும்பத்தான் செய்யும். கேட்டை முதலில் திற, நாயைப் படுக்கவை, மாடு வழியைப் பார்க்கட்டும், அப்புறம் இரண்டு அடி. கறவை மாடுகளுக்குப் பின்னால் நாய் வெகுதூரம் தள்ளியே வரும். அவசரப்படுத்தினால் கல்லைப் பார்த்துக் கால் வைக்க முடியாமல் குளம்பு புண்ணாகும், மாடு நொண்டும். மிரண்ட மாட்டுக்குப் பால் இறங்காது. பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்குகிற ஆக்சிடோசினைத் தடுத்துவிடும். கறவைக் கொட்டகை வாசலோடு நாயின் எல்லை முடிந்தது.

உடல்நலத்தில் வழக்கமான தடுப்பூசிகளைச் சொல்லத் தேவையில்லை. எலிக்காய்ச்சல் தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள், மாடும் நாயும் மனிதனும் பகிர்ந்துகொள்கிற நோய் அது. மாட்டுப் பண்ணைக்கென்று இன்னும் சில உண்டு. கன்று போட்டபின் விழும் நஞ்சுக்கொடியையும், செத்துப் பிறந்த கன்றையும் நாய் தின்னவிடாதீர்கள். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அப்படித்தான் நாய்க்குப் போகிறது, நாயின் மலம் தீவனத்தில் கலந்தால் மாடுகளுக்குக் கன்று கலைகிறது. பச்சை ஈரலும் குடலும் வேண்டாம், நாடாப்புழு வரும், அது மனிதனுக்கும் நீர்க்கட்டியாகத் தொற்றும். மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். கோலி வம்ச நாய்கள் சிலவற்றுக்கு ஒரு மரபணு மாற்றம் இருக்கும், எம்டிஆர்1 என்பார்கள். அவற்றின் மூளைக்குள் இந்த மருந்து தடையில்லாமல் போய்விடும். சிந்திய மருந்தை நக்கினால்கூட நடுக்கம், மயக்கம், சாவுவரை போகலாம். மரபணுவைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

வெயில்தான் வேலை நாயின் பெரிய எதிரி. இந்த நாய்கள் களைத்தால் தானாக நிற்காது. நாக்கு அகன்று நுனி மடிந்து தொங்குவது, நிழல் தேடுவது, சொல்லுக்குத் தாமதமாகத் திரும்புவது இவையெல்லாம் முன்னறிவிப்பு. கால் தடுமாறினால் அவசர நிலை. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவிட்டு, அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நான் தொட்டிக்கு அருகில் வேலையை வைத்துக்கொண்டு, இடையிடையே நாயை அதற்குள் இறங்கவிடுவேன். கோடையில் விடியற்காலையோடு வேலை முடிந்துவிடும்.

மாட்டை நம்மிடம் கொண்டுவரப் பழகிய நாய்க்கு, நம்மிடமிருந்து தள்ளி ஓட்டிப்போவது தலைகீழ்ப் பாடம். அது திரும்பத் திரும்ப மந்தையின் முன்பக்கம் ஓடி மடக்கப் பார்க்கும். அவசரப்படாமல், வேலி ஓரமாக நாயோடு சேர்ந்து நடந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்ட வேண்டும். சுட்டிக்கு இது இரண்டு வயதுக்குப் பிறகுதான் பிடிபட்டது. இரண்டு வயதுக்குள் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாயை விற்றுவிடுகிறார்கள். நல்ல நாய்கள் சிலருக்கு அப்படித்தான் கிடைக்கின்றன.

பத்து மாடு வைத்திருக்கிறேன், நாய் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதே. தினமும் வேலை இல்லாவிட்டால் அது கோழியை மடக்கும், சைக்கிளை மடக்கும், பிள்ளைகளின் குதிகாலைக் கடிக்கும். தீவன வாளியைக் காட்டினால் பின்னால் வருகிற பத்து மாடுகளுக்கு வாளியே போதும்.

கட்டையனுக்கு இப்போது காது மந்தம். விசில் கேட்பதில்லை, கையைத் தூக்கிக் காட்டினால் படுக்கிறான். அதனால் திறந்த வெளிக்கு அவனை அனுப்புவதை நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், பட்டிக்குள் மாடுகளைப் பிரிக்கும் வேலை மட்டும். ஒரு நாய் முழுசாகத் தயாராக இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பதால், இருக்கிற நாய்க்கு ஆறேழு வயதாகும்போதே அடுத்த குட்டியைத் தேடத் தொடங்கிவிட வேண்டும். நான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறையும் கேட்டில் டாக்தான். சுட்டி கண்ணால் செய்வதை நம்பாத மாடு நாலு எப்போதும் மந்தையில் இருக்கும்.